வைத்தியருக்கு யார் சம்பளம் கொடுப்பது

அன்புள்ள செழியனுக்கு,

நீ அனுப்பிய திட்டத்தை உன் அப்பா அச்செடுத்து வந்து, தட்டில் இட்லி ஆறிப்போகும் வரை எனக்குப் படித்துக் காட்டினார். இங்கிலாந்து வேலையை விட்டுவிட்டு மருமகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவது, நம் கிளினிக்கை டவுனுக்கு வெளியே வேங்கிக்காலில் புதுக் கட்டிடத்துக்கு மாற்றுவது, வருஷத்துக்கு ஒரு தொகை கட்டும் குடும்பங்களுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது, அதற்குச் சென்னையில் ஒருவர் முதல் போடத் தயாராக இருப்பது எல்லாம் விவரமாக எழுதியிருந்தாய். அன்று மாலை போனிலும் கேட்டாய். "அம்மா, இது நம்ம ஊர்ல ஓடுமா? ஒளிக்காம சொல்லு." யோசித்து எழுதுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ நடுவில் வாதாட ஆரம்பித்துவிடுவாய், நானும் விட்டுக்கொடுத்துவிடுவேன். உன்னோடு சேரப்போகும் நண்பர்கள் இருவரும் இதைப் படிக்கட்டும். டாக்டர் பிள்ளை பெற்ற வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது, ஒரு பெண்ணின் பெயரைத் தவிர. அதை மாற்றித்தான் எழுதுகிறேன்.

நீ பிறந்த சமயத்தில் நான் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். மாதம் பிறந்தால் சம்பளம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் கூலிக்காரரா, நிலம் வைத்திருப்பவரா என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஊசி வேண்டும் என்று அடம் பிடிப்பவரிடம் "வேணாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்ப முடிந்தது, அவர் கோபித்துக்கொண்டு போனால் என் வீட்டு அடுப்பு அணையாது. அந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரியது என்று அதை விட்டுவிட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் காலையில் கதவைத் திறக்கும்போதே கூட்டம் வேப்பமரம் வரை நிற்கும். நாக்கை நீட்டச் சொல்லி, முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எடுப்பதற்குள் அடுத்தவர் ஸ்டூலில் பாதி உட்கார்ந்திருப்பார். மத்தியானம் ரிப்போர்ட், மீட்டிங். ஒரு ஊரின் முகங்கள் பழகத் தொடங்கும்போது மாற்றல் வந்துவிடும். நான் மாறி வந்து சில வருஷங்கள் கழித்து, அந்த ஊர் அம்மா ஒருத்தி டவுனில் என்னைத் தேடிப் பிடித்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரை அட்டைகளை மேஜையில் பரப்பினாள். "நீ போனதுக்கப்புறம் டாக்டருங்க மாறிக்கினே இருக்காங்க மா. ஆளுக்கொரு கலர் மாத்திர. எத முழுங்கறதுனு நீயே சொல்லு." எல்லாமே ரத்தக் கொதிப்புக்கான மாத்திரைகள். எழுதியவர்களில் ஒருவர்கூடத் தப்பாக எழுதவில்லை. ஒவ்வொருவரும் அவளைப் புதிதாகப் பார்த்து, புதிதாக எழுதியிருந்தார்கள்.

உன்னைப் பள்ளியில் சேர்க்கும் வயதில் வேலையை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நம் கிளினிக்கைத் தொடங்கினேன். வருகிறவர் கொடுக்கும் பீஸ்தான் வருமானம். யாரும் என்னை மாற்ற முடியாது, நான் விரும்பினால் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசலாம். முதல் வருஷம் அது சொர்க்கமாக இருந்தது. பிறகு மெல்ல ஒன்று புரிந்தது. காய்ச்சல் வந்தால் எனக்கு வருமானம், வராவிட்டால் இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர் நல்ல நோயாளி, ஆனால் அவரை மாதிரியே எல்லாரும் இருந்தால் நான் கட்டிடக் கடன் கட்ட முடியாது. மல்லாட்டைக் கடலை வியாபாரி ஒருவர் சளிக் காய்ச்சலோடு வந்து, "ஒரு பாட்டில் ஏத்திவுடுங்க மா, ஒடம்பு அசதியா கீது" என்றார். வெந்நீர் குடித்துவிட்டுத் தூங்குங்கள், குளுக்கோஸ் தேவையில்லை என்றேன். நேராக அடுத்த தெருவுக்குப் போய் ஏற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் குடும்பத்தில் ஒருவர்கூட என்னிடம் வரவில்லை. உன் அப்பா கலெக்டர் ஆபீஸ் வேலை முடிந்து வந்து இதைக் கேட்டுவிட்டு, "தண்ணிதான, ஏத்தினா இன்னா கெட்டுடும்? அவனுக்கும் திருப்தி, நமக்கும் பொழப்பு" என்றார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. அந்த மாதிரியான வரும்படி அப்படித்தான் யோசிக்க வைக்கும், அதன் மேல் உட்கார்ந்திருந்த எனக்கும் அந்த யோசனை வராமல் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சேகர் வந்தார். உனக்கு அவரைத் தெரியும், உன்னைப் பைக்கில் முன்னால் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்டியவர். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமத்துப் பால் சொசைட்டியில் செயலாளர். அவர் தம்பிக்குச் சர்க்கரை இருந்தது, காலில் முள் குத்தியது தெரியாமலே புண் அழுகி, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்தத் துக்கத்தோடுதான் என் எதிரில் உட்கார்ந்தார். "முன்னாடியே யாராச்சும் அவன் கால பாத்திருந்தா போயிருக்குமாங்க?" என்று கேட்டார். அநேகமாகப் போயிருக்காது என்றேன். நாற்காலியை என் மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அப்ப எங்க ஊருக்கு நீங்க வாங்க. பால் காசுல வீட்டுக்கு இவ்ளோனு புடிச்சி சொசைட்டியே உங்களுக்கு மாசா மாசம் குடுத்துடும். வர்றவங்ககிட்ட நீங்க ஒண்ணும் வாங்க வாணாம். நோவு வந்தாலும் வராட்டியும் உங்க காசு உங்களுக்கு."

நீ இப்போது பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் அங்கே போக ஆரம்பித்தேன். பால் ஊற்றும் கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, வாசலுக்குக் கதவுக்குப் பதில் ஒரு துணி. முதல் சில மாதம் கட்டுக்கடங்காத கூட்டம். காசு கட்டியாகிவிட்டதே என்று கொட்டாவி விட்டால்கூட வந்தார்கள். பிறகு அது தானாக அடங்கியது. அடங்கிய பிறகு என் வேலையே வேறாகிவிட்டது. இவர்கள் நோயில் விழாமலிருந்தால் எனக்கு நஷ்டம் இல்லை என்பது மனத்தில் பதியப் பதிய, வராதவர்களை நானே கூப்பிட்டு அனுப்பினேன். சர்க்கரைக்காரர்களை வரிசையாக உட்கார வைத்துச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்தேன். ஊறுகாயைப் பற்றியும் கருவாட்டைப் பற்றியும் பெண்களோடு சண்டை போட்டேன். டாக்டருக்குப் படித்தது இதற்குத்தான் என்று தோன்றிய நாட்கள் அவை. இதையும் சொல்ல வேண்டும்: கூட்டம் குறைந்த நாளில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வராதவர் நலமாக இருக்கிறாரா, வர முடியாமல் இருக்கிறாரா என்பதை அந்தச் சந்தோஷம் பிரித்துப் பார்க்காது.

அந்தப் பெண்ணின் பெயர் கலா என்று வைத்துக்கொள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகாத பெண். சொசைட்டி டைரக்டர் ஒருவரின் மருமகள். தலைவலி என்று சொல்லிக்கொண்டு வந்தாள், ஆனால் உட்கார்ந்த நேரமெல்லாம் முந்தானையால் வாயை மூடி மூடி இருமினாள். எடை குறைந்து தோள் எலும்பு தெரிந்தது. சாயங்காலத்தில் உடம்பு சுடுகிறதா என்று கேட்டேன், தலையை ஆட்டினாள். சளியை டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்றதும் முகம் வெளுத்துவிட்டது. துணிக்கு அந்தப் பக்கம் கேன் உருளும் சத்தமும் ஆட்கள் பேசும் சத்தமும் அப்படியே கேட்டது. எங்களுக்கு அவர்கள் பேச்சு கேட்டால் அவர்களுக்கு எங்கள் பேச்சும் கேட்கும். அவள் குனிந்து என் காதருகில் சொன்னாள்: "வாணாம் மா. இங்க சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும். எங்க மாமனாரு காதுக்குப் போனா எங்க அம்மா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க." டவுனுக்கு வந்துவிடு, அங்கே பார்க்கிறேன் என்றேன். "என்ன சொல்லிட்டு வர்றது மா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அந்த மாதம் சொசைட்டி மீட்டிங்குக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கலாவின் மாமனார்தான் எழுந்து பேசினார். நான்கு மாடு வைத்திருப்பவர், ஊரில் மதிப்புள்ள மனிதர். "டாக்டரம்மா, யாரு எத்தினி வாட்டி வர்றாங்க, எதுக்கு வர்றாங்கனு எங்களுக்குச் சொல்லிடுங்க. ஜாஸ்தி வர்றவங்ககிட்ட ஜாஸ்தி புடிச்சிக்கலாம். எங்க வூட்ல யாருமே வர்றதில்ல, நாங்களும் அதே காசுதான் குடுக்கறோம்." தன் வீட்டில் யாருமே வருவதில்லை என்று அவர் சொன்னபோது நான் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றேன். சேகருக்கே கோபம் வந்துவிட்டது. "எங்க பால் காசுங்க மா. அது யாருக்குப் போவுதுனு எங்களுக்குத் தெரியக் கூடாதா?" என்றார். நியாயமான கேள்விதான். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியதைச் சொன்னேன்: "காசு உங்களுது. நோவு அவங்களுது." பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "ஜாஸ்தி வர்றவங்ககிட்ட ஜாஸ்தி புடிக்கறதுனா அதுக்கு சொசைட்டி எதுக்கு? அவங்கவங்க டவுனுக்கே போய்க்கலாமே" என்றாள். சேகர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வுடுங்க. கணக்கு வாணாம். ஆனா அந்தத் துணிய எடுத்துட்டு ஒரு கதவு போட்டுக் குடுக்கறோம்" என்றார். அவருக்குக் கலாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. கதவைப் பற்றி அவருக்கு எப்படித் தோன்றியது என்று நான் இன்று வரை கேட்டதில்லை.

கதவு வந்தது, கலா வரவில்லை. மீட்டிங்குக்கு மறுநாளே நான் பழைய சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். என்னோடு வேலை பார்த்த கிராமத்து நர்சம்மா இன்னும் அங்கேதான் இருந்தார். தடுப்பூசிக்கும் கர்ப்பிணிகளைப் பார்க்கவும் வீடு வீடாகப் போகிறவர். அவர் எந்த வீட்டுப் படியேறினாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவரிடம் யார் பெயரையும் சொல்லவில்லை. சேகர் ஊரில் கலாவின் தெருவை மட்டும் குறிப்பிட்டு, அங்கே இருமல் கேட்டு வாருங்கள், ஒரு வீட்டையும் விடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். தெரு முழுக்கப் போய், இருமல் இருந்த எல்லாரிடமும் சளி வாங்கி அனுப்பினார். கலாவுக்கு டி.பி. என்று வந்தது. அரசு மாத்திரை, காசு கிடையாது, மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். மாமனாருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. ஆனால் இருமல் குறைந்து, அடுத்தவருக்குத் தொற்றாது என்ற நிலை வந்த பிறகு, அவள் வாயாலேயே சொல்லித் தெரிந்தது. ஒரு நாள் காலையில் அவர் என் அறைக்கு வந்து, புதுக் கதவைச் சாத்திவிட்டு உட்காராமல் நின்றார். "அந்தப் பொண்ணுக்கு சாப்பாடு இன்னா குடுக்கணும்?" என்று கேட்டார். முட்டை, பருப்பு, பால் என்றேன். "பால்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். அவள் பிழைத்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

இதை உனக்கு இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவளை இருமலோடு என் கண்ணில் பட வைத்தது சேகரின் ஏற்பாடு. பீஸ் கொடுக்க வேண்டியிருந்தால் அந்தத் தலைவலிக்கு அவள் வந்தே இருக்க மாட்டாள். அவளை வாய் மூட வைத்ததும் அதே ஏற்பாடுதான், காசு கொடுக்கிறவர்களும் காது கொடுக்கிறவர்களும் ஒரே ஆட்கள். அவளுக்கு மாத்திரை கொடுத்தது நான் குறை சொல்லிவிட்டு வந்த அரசாங்கம். ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் அவள் தப்பியிருக்க மாட்டாள்.

சேகரின் ஏற்பாடு சில வருஷம் நன்றாகவே நடந்தது. அது நின்றதற்கு வைத்தியம் காரணமில்லை. தனியார் பால் வண்டி ஊருக்குள் வந்து லிட்டருக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தது, பாதி வீடுகள் அங்கே ஊற்ற ஆரம்பித்தன. சொசைட்டியில் பிடிக்கப் பால் காசு இல்லாமல் போனது. சேகர் டவுனுக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, "பாலு போச்சு, கூடவே டாக்டரும் போயிட்டாங்கனு ஊர்ல சொல்றாங்க மா" என்றார். சம்பளமில்லாமல் கொஞ்ச நாள் போய்ப் பார்த்தேன், முடியவில்லை, நிறுத்திவிட்டேன். உன் காலேஜ் செலவு தொடங்கிய சமயம் அது. உன் திட்டத்தில் குடும்பங்கள் எங்கிருந்து பணம் கட்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பணம் வற்றினால் என்ன செய்வாய் என்று எங்கும் எழுதவில்லை.

செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் இருக்கும் இலவசக் கிளினிக்கில் வாரம் ஒரு காலை உட்காருகிறேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து தங்குகிறவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. குளிர்காலத்தில் மருந்து அலமாரி நிரம்பி வழியும், அக்னி நட்சத்திரத்தில் காலியாகக் கிடக்கும், ஏனென்றால் கொடுக்கிறவர்கள் வெயிலுக்குப் பயந்து போய்விடுகிறார்கள். கண் முகாம் என்றால் உடனே பணம் வரும். ரத்தக் கொதிப்பு மாத்திரை வருஷம் பூராவும் வேண்டும் என்றால், "போன தடவையும் அதுதானே கேட்டீங்க?" என்கிறார்கள். நல்லவர்கள்தான். தீராத நோய்க்குத் தர்மம் செய்வது சலிப்பான காரியம், அவ்வளவுதான்.

இனி இங்கிலாந்தில் நீ இருக்கும் ஊர்ப் பேச்சுக்கு வருகிறேன். அங்கே உன் கிளினிக்கில் பெயர் பதிந்த ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று அரசாங்கம் கொடுக்கிறது, வருகிறவர் கையில் பணமில்லாமல் வருகிறார், நீ நாள் முழுக்க ஓடுகிறாய் என்று சொல்லியிருக்கிறாய். நீ பிறப்பதற்கு முன்பே அங்கே பெயர் பதிந்த ஒரு பெரியவரைப் பற்றி எவ்வளவு பிரியமாகப் பேசினாய். அந்தப் பிரியத்தைத்தான் நீ இங்கே கொண்டுவரப் பார்க்கிறாய், எனக்குத் தெரிகிறது. ஆனால் அங்கே அந்தப் பெரியவரைச் சேர்க்காமல் விட யாருக்கும் அனுமதி இல்லை. இங்கே உன் திட்டத்தில், அறுபது வயது தாண்டியவர் கூடுதலாகக் கட்ட வேண்டும், ஏற்கெனவே சர்க்கரை இருந்தால் அதற்கும் மேலே என்று முதல் போடுகிறவர் சொல்லி எழுதியிருக்கிறாய். அந்த இடம் வந்ததும் உன் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் நம்ம பையன் கிளினிக்ல எடம் இல்லையா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

ஆகையால் என் யோசனை இது. முதல் போடும் சென்னைக்காரர் வேண்டாம். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அவர் கேட்கப்போவது கலாவின் மாமனார் கேட்ட அதே கணக்கைத்தான், அவரிடம் கணக்கு வேண்டாம் என்று சொல்ல நடுவில் ஒரு சேகர் இருக்க மாட்டார். வேங்கிக்காலில் வீடு கட்டியிருக்கும் உத்தியோகஸ்தர்கள் வருஷத் தொகை கட்டுவார்கள், தாராளமாக வாங்கு. ஆனால் கிளினிக் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே இருக்கட்டும். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் இறங்கி நடந்து வருகிறவர் பீஸ் கொடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும், முடியாதவர் கொடுக்காமல் போகட்டும், எல்லாருக்கும் ஒரே பெஞ்சு. வயதுக்காகவும் வியாதிக்காகவும் யாரிடமும் கூடுதலாக வாங்காதே. அரசு நர்சம்மாக்களோடு பழகு, அவர்கள் போகும் வீடுகளுக்கு நீ போக முடியாது. உங்கள் மூவருக்கும் மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், யார் எத்தனை பேரைப் பார்த்தார் என்று பங்கு பிரிக்காதீர்கள். லாபம் கம்மியாகத்தான் இருக்கும். முதலில் நீயே பயப்படுவாய். அப்படியும் ஓடாவிட்டால் அரசு வேலைக்குப் பரீட்சை எழுது, அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் எதில் உட்கார்ந்தாலும் மாறாமல் நிறைய வருஷம் உட்கார்.

உனக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு இடது காது கேட்பது குறைந்துவிட்டது, வலது காதும் சரியில்லை. சின்னக் குழந்தைகளின் நெஞ்சுச் சத்தம் பிடிபடுவதில்லை, சந்தேகம் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறேன். அனுப்பத் தேவையில்லாதவர்களையும் அனுப்புகிறேன் என்று எனக்கே தெரிகிறது. பொங்கலோடு நிறுத்திக்கொள்வதாக முடிவு செய்துவிட்டேன். நீ எந்தத் திட்டத்தோடு வந்தாலும், வராவிட்டாலும், இந்த முடிவு மாறாது. நான் சொன்ன வழியில் நடத்துவதாக இருந்தால் நம் கிளினிக் கட்டிடம் உனக்கு. வேறு வழி என்றால் அதை வாடகைக்கு விட்டுவிடுகிறேன், மனஸ்தாபம் ஒன்றும் இல்லை, வீட்டில் வழக்கம்போல் சாப்பிடலாம்.

நேற்று வாசல் பலகைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். பலகை துருப்பிடித்து என் பெயரில் பாதி உதிர்ந்திருந்தது. கீழே கொஞ்சம் இடம் விட்டு எழுதச் சொன்னேன். "யாரு பேரு மா வரும் அங்க?" என்றார். என் மகன் பெயர் என்றேன். "பீசு எவ்ளோனு போடணுங்களா?" என்று கேட்டார். அதை அவன்தான் சொல்ல வேண்டும் என்றேன். ஏணியில் நின்றபடியே பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டு, "எப்ப வர்றாரு?" என்றார்.

அவர் அடுத்த வாரம் மறுபடியும் வருவார். அதற்குள் எழுது.

அம்மா